ஏழு விநாடி டிரம்ஸும் ஒரு இரும்பு நகரமும்

65டேஸ்ஆஃப்ஸ்டேடிக். இப்படித்தான் எழுத வேண்டும், நடுவில் இடைவெளி விடாமல். ஓர் இசைக்குழுவின் பெயர் இது. ஸ்டேடிக் என்றால் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் ‘கொர்ர்’ என்று வருமே, அந்த இரைச்சல். அறுபத்தைந்து நாள் இரைச்சல். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை விட்டிருக்கிறார்கள், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. 2001இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் தொடங்கிய குழு. பாடகர் கிடையாது. கிடார், பேஸ், டிரம்ஸ், பியானோ, இவற்றோடு ஒரு கணினி. கிடார்கள் மெட்டல் குழுவைப் போல உறுமும். கணினியிலிருந்து வருகிற தாளமோ கீறல் விழுந்த சிடி மாதிரி திக்கும், துண்டு துண்டாகத் தெறிக்கும். ரெண்டும் ஒரே நேரத்தில்.

முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஹெட்ஃபோனைக் கழற்றி ஜாக்கைச் சரிபார்ப்பார்கள். நான் போட்டுக் காட்டிய நாலு பேரில் மூணு பேர் அதைத்தான் செய்தார்கள்.

இந்தக் குழுவை ‘போஸ்ட் ராக்’ என்ற டப்பாவில் போட்டு மூடி வைப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் மொக்வாய், கனடாவின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர், டெக்ஸாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை என்று ஒரு வரிசை உண்டு. மெதுவாக ஆரம்பித்து, பத்து நிமிஷம் ஏறி, உச்சியில் வெடிக்கிற இசை. அதில் தப்பில்லை. ஆனால் ஷெஃபீல்டை விட்டுவிட்டு இவர்களைக் கேட்டால் பாதிதான் கேட்கிறோம் என்பது என் கட்சி. இந்த உறுமலும் இந்தத் திக்கலும் அந்த ஊரில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்தன.

ஷெஃபீல்ட் எஃகு நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டுபிடித்தது அந்த ஊரில்தான். 1913இல் ஹாரி ப்ரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டதும் அங்கேதான். நம் வீட்டு எவர்சில்வர் தட்டுக்குக்கூட அந்த ஊரோடு ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கு. இரவெல்லாம் பெரிய சம்மட்டி இயந்திரங்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் விழுந்துகொண்டே இருக்கும். அந்தத் ‘தொம் தொம்’மைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தோம் என்று அந்த ஊர் இசைக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பேட்டியிலும் இதையே சொல்லிச் சொல்லி அது கொஞ்சம் சுற்றுலாத்துறை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் சத்தம் சத்தம்தானே.

1973இல் அந்த ஊரில் மூன்று இளைஞர்கள் காபரே வோல்டேர் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அதில் கிறிஸ் வாட்சன் டெலிபோன் எஞ்சினியர். அவர் வீட்டுப் பரணில் உட்கார்ந்து டேப்பை வெட்டி ஒட்டி, ஓடவிட்டு, திருப்பிப் போட்டு விசித்திரமான சத்தங்களை உருவாக்கினார்கள். (இதே வாட்சன் பிறகு டேவிட் அட்டன்பரோவின் இயற்கைப் படங்களுக்குப் பறவைகளையும் விலங்குகளையும் ஒலிப்பதிவு செய்யப் போனார். அது தனிக் கட்டுரைக்கான கதை.) 1977இல் த ஹ்யூமன் லீக். அதைத் தொடங்கிய மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் இருவருமே கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். பாட வந்த ஃபிலிப் ஓக்கி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலை பார்த்தவர். கிடாரே வேண்டாம், சிந்தசைசர் போதும் என்று முடிவெடுத்தவர்கள் இவர்கள்.

அதே 1977. அதே ஊர். ஒரு கரண்டித் தொழிற்சாலைக் கட்டடத்தில் வேறு சில பையன்கள் கிடார் பழகிக்கொண்டிருந்தார்கள். டெஃப் லெப்பர்ட். எண்பதுகளில் உலகத்தையே ஆட்டிப் படைக்கப்போகிற ஹார்ட் ராக் குழு. ஒரே ஊரில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்குக் கிடார் கிழவர்கள் சமாச்சாரம். இன்னொன்றுக்குப் பொத்தானைத் தட்டுவது இசையே இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துவைத்தது ஒரு விபத்து. 1984 டிசம்பர் 31. டெஃப் லெப்பர்டின் டிரம்மர் ரிக் ஆலனுக்கு 21 வயது. ஷெஃபீல்டுக்கு வெளியே கார் தடம்புரண்டு அவருடைய இடது கை போய்விட்டது. டிரம்மருக்குக் கை போனால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆலன் மருத்துவமனைக் கட்டிலிலேயே காலால் தாளம் தட்டிப் பார்த்தார். சிம்மன்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் டிரம்ஸை அவருக்காக மாற்றியமைத்தார்கள். இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் பெடல்களை மிதித்து எழுப்பும். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் திறந்தவெளி விழாவில் அதை வாசித்தார். அடுத்த வருஷம் வந்த ‘ஹிஸ்டீரியா’ இரண்டு கோடிக்கும் மேல் விற்றது. அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலிகளைத் தயாரிப்பாளர் மட் லாங் கணினியில் ஒவ்வொன்றாகக் கோத்துக் கட்டினார் என்பது இசைக்காரர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்டுக்கொண்டிருந்த ராக் ரசிகர்களுக்கு அது உறைக்கவே இல்லை. ராக் இசைக்குள் கணினி எப்போது புகுந்தது என்று யாராவது கேட்டால் நான் காட்டுகிற இடம் இது. ஃபேஷனுக்காகப் புகவில்லை. ஒரு மனுஷன் தொடர்ந்து வாசிப்பதற்காகப் புகுந்தது.

அதற்குள் ஊர் சரிந்துவிட்டது. 1980இல் எஃகுத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் மறியல். 1983இல் அந்த ஆலையே மூடப்பட்டது. 1984இல் பக்கத்து ஆர்கிரீவில் நிலக்கரித் தொழிலாளர்கள்மேல் குதிரைப் போலீஸ் பாய்ந்தது. 1990இல் ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை இருந்த இடத்தில் மெடோஹால் என்ற பெரிய ஷாப்பிங் மால் திறந்தார்கள். அப்பா இரும்பு அடித்த இடத்தில் பிள்ளை ஜீன்ஸ் விற்கலாம்.

மால் திறப்பதற்கு முந்தைய வருஷம் ஒரு ரெக்கார்டு கடையிலிருந்து வார்ப் ரெக்கார்ட்ஸ் பிறந்தது. வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசு கொடுத்த உதவித்தொகையில் ஆரம்பித்தது. முதல் வெளியீட்டைச் செய்த குழுவின் பெயர் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ். ஊரில் மிஞ்சியிருந்த பெரிய உருக்காலையின் பெயர் ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ். அதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாட்டின் தலைப்பு ‘ட்ராக் வித் நோ நேம்’, பேரில்லாத பாட்டு. வெறும் 500 பிரதி. உலோகத்தில் தட்டுகிற மாதிரி ‘பீப்’ சத்தம், அடிவயிற்றில் இடிக்கிற பேஸ். பின்னால் ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் என்று கணினி இசையின் பெரிய தலைகளெல்லாம் வார்ப் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தார்கள். 2000 வாக்கில் வார்ப் லண்டனுக்கு மூட்டை கட்டிவிட்டது. அடுத்த வருஷம் நம் ஆட்கள் ஆரம்பிக்கிறார்கள்.

இனி அந்தத் திக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் கிளிட்ச். இயந்திரத்தின் சின்னப் பழுது. எண்பதுகளின் நடுவில் யாசுனாவோ தோனே என்ற ஜப்பானியக் கலைஞர் ஒரு சிடியை எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் ஊசித்துளை போட்ட செல்லோடேப்பை ஒட்டி ஓடவிட்டார். பிளேயர் குழம்பிப்போய் தன்னிஷ்டத்துக்கு எதையோ உளறியது. அந்த உளறலே இசை என்றார். தொண்ணூறுகளில் ஜெர்மனியின் ஓவல் குழு சிடிமேல் கிறுக்கி, தாவும் ஒலியை ஆல்பமாகவே வெளியிட்டது. இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை அது அங்கே இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மிக்ஸி பழுதாகும் அன்றைக்குத்தான் மிக்ஸியின் ஞாபகம் வருகிறது. கிளிட்ச் இசைக்காரர்கள் அந்த நொடியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

தாளத்தை வெட்டுவதற்கு வேறொரு பரம்பரை. 1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த த வின்ஸ்டன்ஸ் என்ற சோல் இசைக்குழு ஓர் இசைத்தட்டு போட்டது. ஏ பக்கப் பாட்டு ஹிட். பி பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்று ஒன்று. அதன் நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் சுமார் ஏழு விநாடி வாசிக்கிறார். அவ்வளவுதான். எண்பதுகளில் சாம்ப்ளர் கருவி வந்ததும் அந்த ஏழு விநாடியை எல்லோரும் வெட்டியெடுக்கத் தொடங்கினார்கள். ஹிப்ஹாப் அதை மெதுவாக்கியது. தொண்ணூறுகளின் லண்டன் இளைஞர்கள் வேகத்தைக் கூட்டி, ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக நறுக்கி, மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசைவகைகள் பெருமளவு அந்த ஏழு விநாடிமேல் கட்டியவை. உலகத்திலேயே அதிகம் சாம்ப்ளிங் செய்யப்பட்ட ஒலித்துண்டுகளில் அது ஒன்று; ஆயிரக்கணக்கான பாடல்களில் இருக்கு.

கோல்மனுக்கு இதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்துபோனார். 2015இல் இங்கிலாந்து ரசிகர்கள் இணையத்தில் வசூல் செய்து சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள இருந்தவர் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் மட்டுமே.

இந்த இடத்தில் 65டேஸ்ஆஃப்ஸ்டேடிக்கின் டிரம்மர் ராப் ஜோன்ஸைக் கொண்டுவருகிறேன். ஒரு மனிதன் வாசித்த தாளத்தை இயந்திரம் நறுக்கி, எந்த மனிதக் கையாலும் வாசிக்க முடியாத ஒன்றாக மாற்றியது. முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு மனிதன் உட்கார்ந்து அந்த நறுக்கலைக் கையால் வாசிக்கிறான். 2004இல் வந்த முதல் ஆல்பமான ‘த ஃபால் ஆஃப் மேத்’தின் விஷயமே எனக்கு இதுதான். ‘ரிட்ரீட்! ரிட்ரீட்!’ என்ற பாடலில் கணினியின் டிரம்ஸும் கை டிரம்ஸும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மல்லுக்கு நிற்கும். எது எது என்று பிரிக்கப் பார்ப்பீர்கள். முடியாது. மேடையில் கணினியோடு சேர்ந்து வாசிக்கிற டிரம்மருக்குக் காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு அளவு ஓடிக்கொண்டே இருக்கும். அது காத்திருக்காது, களைக்காது, விட்டுக்கொடுக்காது. கச்சேரியில் பாடகர் கொஞ்சம் இழுத்தால் மிருதங்கக்காரர் அனுசரித்துப் போவார். இங்கே அனுசரிக்கிற வேலை முழுக்க மனிதன் தலையில். வீடியோக்களில் பாருங்கள். ஆலைத் தொழிலாளி மாதிரி வியர்த்து வடிகிறார்கள். லேப்டாப்புக்கு முன்னால் நிற்கிறவர்கூட.

அடுத்த வருஷமே ‘ஒன் டைம் ஃபார் ஆல் டைம்’. அதன் கடைசிப் பாடல் ‘ரேடியோ ப்ரொடெக்டர்’ பியானோவில் ஒரு சின்னச் சொற்றொடராகத் தொடங்குகிறது. திரும்பத் திரும்ப அதையே சொல்கிறது. பிறகு பின்னாலிருந்து டிரம்ஸ் வருகிறது, கிடார் வருகிறது. பியானோ தன் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை. ரசிகர்களைக் கேட்டால் பாதிப்பேர் இதைத்தான் சிறந்தது என்பார்கள். எனக்கும் அப்படித்தான், என்ன செய்ய.

2007இன் மூன்றாவது ஆல்பம் நீளம் அதிகம். அதைத் தாண்டிப் போகிறேன். 2008இல் த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் இவர்களைத் தன் சுற்றுப்பயணத்துக்கு அழைத்துப்போய்ப் பெரிய பெரிய அரங்குகளில் முதலில் வாசிக்கவைத்தார். 2010இன் ‘வீ வேர் எக்ஸ்ப்ளோடிங் எனிவே’யில் அவரே ஒரு பாட்டில் குரல் கொடுத்தார். அந்தக் குரலையும் இன்னொரு வாத்தியமாகத்தான் கலந்துவிட்டார்கள். இந்த ஆல்பத்தில் ஆட்டம் போடவைக்கிற தாளம் கூடிவிட்டது. 2011இல், 1972ஆம் வருஷத்து அறிவியல்புனைவுப் படமான ‘சைலன்ட் ரன்னிங்’குக்குப் புது இசை போட்டார்கள். பூமியின் கடைசிக் காடுகளை விண்கலத்தில் வைத்துக் காப்பாற்றுகிற ஒருவன், அவனுக்குத் துணையாகச் சின்ன ரோபோக்கள். இவர்கள் தேர்ந்தெடுக்கிற கதையைப் பார்த்தீர்களா?

2013 டிசம்பரில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற வீடியோ விளையாட்டின் முன்னோட்டம் வந்தது. பின்னணியில் இவர்களுடைய ‘டெப்யூட்டான்ட்’. கில்ட்ஃபோர்டில் இருந்த ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம், விளையாட்டு முழுமைக்கும் இவர்களையே இசை அமைக்கச் சொன்னது. அதில் ஒரு சிக்கல். அந்த விளையாட்டில் கோள்களை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. கணக்குச் சூத்திரம் அவற்றை உருவாக்குகிறது. எத்தனை கோள்? 2ஐ 64 தடவை பெருக்கினால் வருவது. நம் கணக்கில் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கும் மேல். ஆடுகிறவர் ஒரு கோளில் அஞ்சு நிமிஷம் இருப்பாரா அஞ்சு மணிநேரமா என்று யாருக்கும் தெரியாது. இதற்கு எப்படிப் பாட்டு போடுவது? ஆரம்பம், உச்சம், முடிவு என்று ஏறி இறங்குவதுதானே இவர்கள் பிழைப்பே!

அதனால் பாட்டுகளை உடைத்தார்கள். வழக்கமான ஆல்பம் ஒன்று செய்தார்கள். அதோடு கூடவே மெட்டுத் துணுக்குகள், கிடார் அதிர்வுகள், தாளச் சில்லுகள் என்று மூட்டை மூட்டையாக ஒலித்துண்டுகளைக் கொடுத்தார்கள். ஆடுகிறவர் நடக்கிறாரா, பறக்கிறாரா, ஆபத்தில் இருக்கிறாரா என்பதைப் பார்த்து, ஒலி இயக்குநர் பால் வேர் அமைத்த மென்பொருள் அந்தத் துண்டுகளை அப்போதைக்கு அப்போது கோத்துக்கொள்ளும். 2016இல் விளையாட்டு வெளிவந்தபோது சொன்னதெல்லாம் இல்லையே என்று பெரிய கலவரம் நடந்தது. இசையை யாரும் குறைசொல்லவில்லை.

இங்கேதான் கதை எனக்கு நெருக்கமாகிறது. கணினியோடு மல்லுக்கட்டி வாசித்தவர்கள், இப்போது தாங்கள் இல்லாமலே தங்கள் இசையை வாசிக்கிற இயந்திரத்துக்குத் தீனி தயாரிக்கிறார்கள். நான் குறும்படங்களுக்கும் சின்ன விளம்பரங்களுக்கும் ஒலி கோக்கிற வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு விளம்பரத்துக்கு வயலின் வாசிக்கத் தோழி ஒருத்தியைப் பேசி வைத்திருந்தேன். ரெக்கார்டிங்குக்கு முதல்நாள் மெசேஜ் வந்தது: “ப்ரோ, ஏஐயிலயே எடுத்துட்டோம், நல்லாத்தான் வந்திருக்கு.” கேட்டேன். நல்லாத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவு. மோசமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த வயலினுக்குள்ளே எத்தனை கோல்மன்கள் இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்பது?

இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பயந்து கிடாருக்குள் போய் ஒளிந்துகொள்ளவில்லை. 2017இல் ‘டீகம்போசிஷன் தியரி’ என்ற புதுக் கச்சேரியோடு வந்தார்கள். பழைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ரசிகர்களின் முன்னாலேயே கணினியில் நிரல் எழுதி, எழுதின வரி அந்த நொடியே ஒலியாக மாறுகிற முறை. இதை லைவ் கோடிங் என்கிறார்கள். அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸ் இதற்குப் பேர்போன கருவி. அந்த வட்டத்தில் ஒரு மரியாதை உண்டு: நிரலைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும். ஒளிவுமறைவு கூடாது. ஒரு வரியைத் தப்பாகத் தட்டினால் தாளம் கவிழ்வதும் எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவே சொல்லாத இன்றைய ஏஐ கம்பெனிகளுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அல்காரிதம் என்ற ஒரே வார்த்தையை இரண்டுக்கும் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

2019இல் ‘ரெப்ளிகர், 2019’ வந்தது. இருண்ட ஆல்பம், உறுமல் போய் ஒருவிதப் புகைமூட்டம். இசைவிமர்சனங்களில் மரியாதை கிடைத்த அளவுக்குக் காதல் கிடைக்கவில்லை. 2021இல் ‘ரெக்கேஜ் சிஸ்டம்ஸ்’. ரெக்கேஜ் என்றால் இடிபாடு. குழு கட்டிய பல சின்னச் சின்ன மென்பொருள் அமைப்புகள் மாறி மாறி, இரவும் பகலும் இணையத்தில் இசையை உற்பத்தி செய்துகொண்டே இருந்தன. ஒரே இசை திரும்பி வராது. யாரும் வாசிப்பதுமில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் மேடையில் வியர்வை சிந்தியவர்கள் கடைசியில் அணையாத ஓர் உலையை மூட்டிவிட்டு எழுந்து நின்று பார்க்கிறார்கள். ஆனால் உலைக்குள் போட்ட ஒவ்வொரு ஒலியும் அவர்களுடையது, சூத்திரமும் அவர்களுடையது. அதே 2021இல் நஷ்டத்தில் தள்ளாடிய ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் ஆலையைப் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் சுமார் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அணு நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் உருக்குப் பாகங்கள் போக வேண்டும்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: ‘ரேடியோ ப்ரொடெக்டரி’ல் தொடங்குங்கள். அடுத்து ‘ரிட்ரீட்! ரிட்ரீட்!’. பிடித்திருந்தால் 2010 ஆல்பத்தின் கடைசியில் இருக்கும் ‘டைகர் கேர்ல்’, பத்து நிமிஷம் ஓடும், இடையில் எழுந்து போகாதீர்கள். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். இரண்டாம் தடவை கேட்கும்போது கிடாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் நேரம் இருந்தால் ‘ஆமென், பிரதர்’ தேடி எடுத்து, ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து போடுங்கள். மற்ற எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். கோல்மன் வாசிப்பார்.